அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!

அம்மா போன பிறகு அப்பா பேசுவதே குறைந்துவிட்டது.

திருச்சி உறையூரில் நாங்கள் வளர்ந்த வீடு. முன்னால் சின்னத் திண்ணை, ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை, பின்னால் கிணற்றடி. நான் கல்யாணமாகி சென்னைக்கு வந்துவிட்டேன். தம்பிக்கு பெங்களூரில் வேலை. தினமும் ராத்திரி 8 மணிக்கு அப்பாவுக்கு போன் பண்ணுவேன்.

"சாப்டீங்களாப்பா?"

"ம்."

"மாத்திரை போட்டீங்களா?"

"ம்."

"வேற என்னப்பா?"

"வேற என்ன... ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டார். "உங்கப்பா டி.வி-யைச் சத்தமே இல்லாம ஓடவிட்டுட்டு அது முன்னாடி உட்கார்ந்திருக்கார்மா. மூணு தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்ல" என்றார். அன்றைக்கு எனக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை.

சென்னைக்கு வந்துவிடுங்கள் என்றால் வரமாட்டார். "உங்க ஃபிளாட்டுல வாசலே கிடையாதேம்மா, நான் எங்க உட்கார்றது?" என்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

தம்பிதான் அந்த யோசனையைச் சொன்னான். "அக்கா, அப்பாவுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்துடலாம். பேச்சுத் துணைக்கு ஆச்சு. காவலுக்கும் ஆச்சு."

எனக்கும் அது பெரிய விடையாகத் தெரிந்தது. மொபைலில் எத்தனை வீடியோ பார்க்கிறோம்! தாத்தா மடியில் தூங்கும் நாய்க்குட்டி, பாட்டி புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பூனை... பார்த்தாலே கண் கலங்கிவிடும். அந்த வீடியோக்களில் யாரும் ராத்திரி 2 மணிக்கு எழுந்து தரையைத் துடைப்பதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தெரிந்தவர் மூலமாகத் தம்பி ஒரு லேப்ரடார் குட்டியைப் பிடித்தான். 45 நாள் குட்டி, விலை 12,000 ரூபாய். "லேப் ரொம்ப சாதுக்கா. குழந்தை மாதிரி இருக்கும்" என்றான். அப்பாவின் 71-வது பிறந்தநாளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பேரும் உறையூரில் போய் இறங்கினோம். ஒரு கூடை, அதில் சிவப்பு ரிப்பன் கட்டிய குட்டி.

அப்பா குட்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்பா!"

குட்டி தத்தித் தத்திப் போய் அவர் கால் பெருவிரலை நக்கியது. அவர் குனிந்து அதைத் தூக்கிக்கொண்டார். நாங்கள் போட்டோ எடுத்தோம். என் மகள் வீடியோ காலில் 'பிஸ்கட்' என்று பேர் வைத்தாள். போட்டோவைக் குடும்ப குரூப்பில் போட்டதும் மளமளவென ஹார்ட் வந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் சென்னைக்கு பஸ் ஏறினேன். தம்பி பெங்களூருக்குக் கிளம்பினான்.

பிஸ்கட் மட்டும் அங்கேயே இருந்தது.

28 கிலோ அன்பு

முதல் வாரம் அப்பா போனில் 10 நிமிடம் பேசினார். "அது பண்ற சேட்டை இருக்கே..." என்று சிரித்தார். நானும் தம்பியும் எங்களையே பாராட்டிக்கொண்டோம்.

அவர் சொல்லாமல் விட்டதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. குட்டி ராத்திரி முழுக்க அழுதிருக்கிறது. இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து அதை வெளியே விட்டிருக்கிறார். விளையாட்டாகக் கடித்துக் கடித்து அவர் கையெல்லாம் கீறல். சர்க்கரை உள்ள உடம்பு, புண் லேசில் ஆறாது. வாசலில் அம்மா விட்டுப்போன செருப்பை அவர் எடுக்காமலே வைத்திருந்தார். அதில் ஒன்றைப் பிஸ்கட் கடித்துக் குதறிவிட்டது. இதைக்கூடப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். "திட்டக்கூட இல்லம்மா. மிச்சமிருந்த இன்னொரு செருப்பை எடுத்து பரண் மேல வெச்சுட்டார்" என்றார்.

குட்டியை அத்தனை சீக்கிரம் வாங்கியதே தவறு என்று பின்னாளில் ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார். தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் புரண்டு விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பதை ஒரு குட்டி கற்றுக்கொள்கிறதாம். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. நாங்களோ "45 நாள்தான் ஆகுது, நல்லாப் பழகிடும்" என்று விற்றவர் சொன்னதை அப்படியே நம்பினோம்.

பத்து மாதத்தில் பிஸ்கட் 28 கிலோ ஆனது. அதன் மேல் தப்பே இல்லை. லேப்ரடார் என்பது கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு குளிர்ந்த கடலில் பாடுபட்ட நாய்களின் வம்சம். ஓடுவதும் நீந்துவதும் எதையாவது கவ்விக்கொண்டு வருவதும் அதன் ரத்தத்தில் இருக்கிறது. அந்த நாயைச் சித்திரை மாத உறையூரில், ஒரு ஹாலும் ஒரு ரூமும் உள்ள வீட்டில், முழங்கால் வலி உள்ள 71 வயதுக்காரரிடம் விட்டிருந்தோம்.

ஒருநாள் காலை. அப்பா அதை நடக்கக் கூட்டிப்போயிருக்கிறார். இழுக்கிறது என்று சங்கிலியைக் கையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருக்கிறார். குறுக்கே ஒரு பூனை ஓடியது. பிஸ்கட் பாய்ந்தது. கூடவே அப்பாவும் போய் விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. (சங்கிலியையோ பெல்ட்டையோ ஒருபோதும் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். அவசரத்துக்கு விட முடியாது.)

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தம்பி.

"நீதானே லேப் லேப்னு குதிச்சே?"

"நீயும்தானேக்கா சரின்னு பாதிப் பணம் குடுத்தே?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. நாயைப் பத்தி 34 வருஷம் படிச்சவன் நான். வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

அப்பா தபால்காரர். 34 வருடம் திருச்சித் தெருக்களில் சைக்கிள் மிதித்தவர். எந்த வீட்டு நாய் வெறுமனே குரைக்கும், எது சத்தமில்லாமல் வந்து கடிக்கும் என்று அவருக்கு அத்துப்படி. "ஓடினா துரத்தும், நின்னா யோசிக்கும். சைக்கிளை விட்டு இறங்கி, அதை நடுவுல வெச்சுக்கிட்டு மெதுவா நட" என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தவர். மூன்று தடவை கடி வாங்கியிருக்கிறார். 1986-ல் கடிபட்டபோது வயிற்றில் தொப்புளைச் சுற்றி 14 நாள் ஊசி போட்டார்கள். ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த மருந்து அது. சாயங்காலம் வயிற்றில் துணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டு அம்மா அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அந்த மருந்தை 2004-க்குப் பிறகு இந்தியாவில் தயாரிப்பதில்லை. இப்போது கையில் போட்டுக்கொள்ளும் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் அவர் எந்த நாயையும் கல்லால் அடித்து நாங்கள் பார்த்ததில்லை.

இவ்வளவு தெரிந்த மனிதரிடம் நாங்கள் ஏன் கேட்கவில்லை? 'சர்ப்ரைஸ்' என்று சொல்லிக்கொண்டோம். நிஜக் காரணம் வேறு. அப்பா தனியாக இருக்கிறார் என்ற உறுத்தல் எங்களுக்கு இருந்தது. எங்கள் உறுத்தலுக்கு ஒரு மருந்து வாங்கினோம். அதை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

டாக்டரம்மா கேட்ட கேள்விகள்

அப்பாவுக்குக் கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆகும் என்றார்கள். நான் லீவு போட்டு உறையூரில் தங்கினேன். பிஸ்கட்டை என்னாலும் சமாளிக்க முடியவில்லை. நடைப்பயிற்சி இல்லாததால் அது சோபாவைக் கிழித்தது, கதவைச் சுரண்டியது, பொழுதுக்கும் குரைத்தது. 'இதற்கு ஏதோ கோளாறு' என்று நினைத்து கால்நடை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். கட்டுப்போட்ட கையோடு அப்பாவும் வந்தார்.

அவர் பிஸ்கட்டைத் தடவிக்கொண்டே, "இதைத் திட்டாதீங்க. இது ஒண்ணுமே தப்பு பண்ணல. போரடிக்குது, அவ்வளவுதான்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மத்தியானம் 2 மணிக்கு வீட்ல யார் இருப்பாங்க? தினமும் ஒரு மணி நேரம் இதை ஓடவிட யாரால முடியும்? ராத்திரி உடம்புக்கு முடியலன்னா 28 கிலோவைத் தூக்கி ஆட்டோவுல யார் ஏத்துவாங்க? ஊருக்குப் போனா யார்கிட்ட விடுவீங்க? தீனி, தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து மாசா மாசம் செலவாகுமே, அதுக்கு ஒதுக்கியிருக்கீங்களா? கடைசியா ஒண்ணு. நல்லா வெச்சுக்கிட்டா இது 10, 12 வருஷம் இருக்கும். அதுவரைக்கும் யார் பார்ப்பாங்க?"

அப்பா சிரித்தார். "12 வருஷம்னா எனக்கு 83."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நாய் வாங்க வர்றவங்க எல்லாரும் 'எந்த நாய் நல்லது?'ன்னுதான் கேக்கறாங்க. 'எங்க வீடு எந்த நாய்க்கு நல்லது?'ன்னு யாரும் கேக்கறதில்ல சார்" என்றார்.

அவர் மூலமாகத்தான் கே.கே.நகரில் ஒரு பி.டி. மாஸ்டர் குடும்பம் கிடைத்தது. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்கள், சுற்றிலும் மதில் வைத்த இடம், முன்பு லேப் வளர்த்த அனுபவம். இரண்டு தடவை வந்து பிஸ்கட்டோடு பழகிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை, தடுப்பூசி புத்தகம், அதன் தட்டு, அது படுக்கும் பழைய போர்வை எல்லாவற்றையும் அப்பாவே எடுத்துக் கொடுத்தார். பிஸ்கட் ஒரே தாவலில் அவர்கள் காரில் ஏறி, ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டது.

"திரும்பிக்கூடப் பார்க்கல பாத்தியா?" என்று சிரித்தார் அப்பா. பிறகு கிணற்றடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

வளர்க்க முடியாத நிலை யாருக்கும் வரலாம். ஆனால் பைபாஸ் ரோட்டில் இறக்கிவிட்டு வருவது மட்டும் கூடாது. வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. காரணமில்லாமல் வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. நல்ல இடம் தேடிக் கொடுப்பதற்குச் சில வாரம் பிடிக்கும். அந்தச் சில வாரத்தை நாம் அதற்குக் கடன்பட்டிருக்கிறோம்.

செவலை

வீட்டில் மறுபடி சத்தம் அடங்கியது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "வெளிநாட்டு ஜாதி வாங்கினதுதான் தப்பு. ராஜபாளையம் வாங்குங்க, சிப்பிப்பாறை வாங்குங்க" என்றார் பெரியப்பா. அப்பா தலையாட்டி மறுத்துவிட்டார். "ராஜபாளையம் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்த நாய். சிப்பிப்பாறை முயலை விரட்டி ஓடறது. நம்ம ஊரு நாய்னாலும் அதுக்கு ஓட இடம் வேணும்ல? ஹாலுக்குள்ள எங்க ஓடும்?"

தம்பி பச்சைக்கிளி என்றான். "அது சிறகு இருக்கற ஜீவன்டா" என்று ஒரே வரியில் முடித்தார். அது சட்டப்படியும் தப்பு. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்க்க 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. சித்தி மகள் பெர்ஷியன் பூனை என்றாள். அந்த நீள முடியை தினமும் சீவிவிட வேண்டும் என்று கேட்டதும், "என் தலையையே நான் ஒழுங்கா சீவறதில்ல" என்றார்.

அதன் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஒருநாள் ராத்திரி போனில் அப்பாவே ஆரம்பித்தார். "தெருமுனை டீக்கடையில செவலையா ஒரு நாய் படுத்திருக்குமே, ஞாபகம் இருக்கா? கடையை மூடிட்டாங்க. அது மட்டும் அங்கேயே இருக்கு."

அடுத்தடுத்த நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தி வந்தது. அவர் காலையில் நடக்கும்போது அது பத்தடி பின்னால் வருகிறது. அவர் நின்றால் நிற்கிறது. பெட்டை நாய். இடது காது நுனியில் சின்ன வெட்டு இருக்கிறது. கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்ட நாய்களுக்கு வைக்கும் அடையாளம் அது. குழந்தைகளைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறது. மற்ற நாய்களோடு சண்டைக்குப் போவதில்லை.

"கூட்டிட்டு வந்துட வேண்டியதுதானேப்பா?" என்றேன்.

"அவசரப்படக் கூடாது. அவ மூணு மாசமா என்னைப் பார்த்துட்டு இருக்கா. நானும் அவளைப் பார்த்துட்டு இருக்கேன்."

அப்பா அதை இழுத்துவரவில்லை. கேட்டைத் திறந்து வைத்தார், அவ்வளவுதான். முதலில் கேட்டுக்கு வெளியே படுத்தது. பிறகு கேட்டுக்கு உள்ளே. பிறகு திண்ணைக்குக் கீழே. ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி ஹாலுக்குள் வந்து, கதவோரமாகச் சுருண்டு படுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் அப்பா என்னையும் தம்பியையும் ஒரே போனில் சேர்த்துக் கூப்பிட்டார்.

"நான் ஒரு நாய் வளர்க்கலாம்னு இருக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

"எங்ககிட்ட எதுக்குப்பா கேக்கறீங்க?"

"எனக்கு முடியாமப் போனா நீங்கதானே பார்க்கணும்? அதான் கேக்கறேன்."

எங்களுக்குச் சுருக்கென்றது. குத்திக்காட்டவில்லை அவர். வரிசையைத்தான் சொல்லிக்கொடுத்தார். முதலில் பார்க்க வேண்டும், பிறகு கேட்க வேண்டும், அதன் பிறகுதான் கொண்டுவர வேண்டும்.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனபோது, பல்லைப் பார்த்துவிட்டு "ஏழு வயசு இருக்கலாம்" என்றாராம். "வயசான நாயாச்சே சார்?" என்று கேட்டதற்கு அப்பா, "இன்னும் ஆறேழு வருஷம் இருப்பாளா? எனக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். சரியா இருக்கும்" என்றிருக்கிறார்.

தெருவில் பார்க்கும் எல்லா நாயும் வீட்டுக்கு ஒத்துவரும் என்று நான் சொல்லமாட்டேன். அப்பா போலப் பல வாரம் அதன் குணத்தைக் கவனிக்க வேண்டும். டாக்டரிடம் காட்ட வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். ஆனால், வளர்ந்த நாயிடம் ஒரு வசதி இருக்கிறது. அதன் குணமும் அளவும் நம் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். குட்டியிடம் அது தெரியாது.

ஒரு நோட்டுப் புத்தகம்

செவலைக்காக அப்பா ஒரு 80 பக்க நோட்டு போட்டார். வெறிநாய்த் தடுப்பூசி என்றைக்குப் போட்டது, அடுத்து என்றைக்கு, குடற்புழு மாத்திரை என்றைக்கு, உண்ணி மருந்து என்றைக்கு, எல்லாம் தபால் ஆபீஸ் பதிவேடு போலக் கோடு கிழித்து எழுதியிருக்கும்.

சாப்பாட்டுப் பக்கம் தனி. பாலும் பிஸ்கட்டும்தான் நாய்க்குச் சாப்பாடு என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. செவலைக்குப் பால் குடித்தால் வயிற்றுப்போக்கு ஆனது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்றார் டாக்டரம்மா. இப்போது சோறு, வேகவைத்த முட்டை அல்லது எலும்பில்லாத கோழி, கொஞ்சம் கேரட், பூசணி. உப்பு, காரம் கிடையாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும் என்பதால், மிஞ்சின சாம்பாரும் பிரியாணியும் அறவே கிடையாது. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை மூன்றுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. வெந்த எலும்பு ஊசி போல உடைந்து குடலில் குத்தும் என்பதால் அதற்கும் ஒரு குறி.

வெயில் காலத்தில் நடக்கக் கிளம்பும் முன் குனிந்து புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார்ப்பார். அவருக்குச் சுட்டால் அன்றைக்கு நடை இல்லை. "நான் செருப்பு போட்டிருக்கேன், அவ போடலயே!"

அடுத்த கோடையில் ஒரு சோதனை வந்தது. ஒருநாள் காலை கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டும் செவலை எழுந்திருக்கவில்லை. முட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அப்பா அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். எப்போதும் இளஞ்சிவப்பாக இருக்கும் ஈறு வெளுத்திருந்தது. வீட்டில் இருந்த தன் காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கிறார். நல்லவேளை, டாக்டரம்மாவுக்கு போன் பண்ணிவிட்டார்.

"வேண்டவே வேண்டாம் சார்! நம்ம மாத்திரை நாய்க்கு விஷமாயிடலாம். பூனைக்கு ஒரு பாரசிட்டமால் மாத்திரையே உயிருக்கு ஆபத்து. உடனே கூட்டிட்டு வாங்க" என்றாராம்.

ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது. உண்ணி கடிப்பதால் ரத்தத்தில் பரவும் நோய் அது. தட்டணுக்கள் நன்றாகக் குறைந்திருந்தன. அந்தக் கோடையில் ஒரு மாதம் உண்ணி மருந்து விட்டுப்போயிருந்தது. நோட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. என் சின்ன மாமனார் இறந்த காரியத்துக்காக அப்பா சென்னைக்கு வந்திருந்த மாதம் அது. "நான் மறந்துட்டேன்மா. அவ ரத்தத்துல குடுத்துட்டா" என்று போனில் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. அம்மாவின் காரியத்தில்கூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

நான் அன்று ராத்திரியே கிளம்பிப் போனேன். நாலு நாள் டிரிப்ஸ், மூன்று நான்கு வாரத்துக்கு மாத்திரை. மாத்திரையை முட்டை மஞ்சள்கருவில் பொதிந்து கொடுப்பார். ராத்திரி ஹாலில் பாய் விரித்து, செவலையின் வயிற்றில் கை வைத்தபடியே படுத்திருந்தார். உடம்பு சூடாக இருக்கிறதே என்று நான் பயந்தபோது, "நாய்க்கு 101-லேர்ந்து 102.5 டிகிரி வரைக்கும் நார்மல். நமக்குத்தான் அது காய்ச்சல்" என்றார். ஐந்தாம் நாள் காலை பால்காரர் மணி அடித்ததும் செவலை ஒரு காதை மட்டும் தூக்கியது. அப்பா என்னை எழுப்பினார். "குலைக்கப் போறா பாரு, குலைக்கப் போறா பாரு!" அது குரைத்தது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அப்பாடா" என்றார்.

இப்போதெல்லாம் ராத்திரி 8 மணிக்கு நான் போன் பண்ணினால், பின்னணியில் டி.வி சத்தம் காதைப் பிளக்கிறது. தீபாவளி வெடிக்குச் செவலை பயந்து நடுங்கியபோது, ஜன்னலை அடைத்து, ஃபேனையும் டி.வி-யையும் சத்தமாக வைக்கச் சொன்னார் டாக்டரம்மா. அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. "வேற என்னப்பா?" என்று கேட்டால் போதும். செவலை அணிலைத் துரத்தியதில் ஆரம்பித்து, தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்பது வரைக்கும் வரும். காலையும் மாலையும் அதோடு நடப்பதால், தெருவில் எல்லோரும் அவரோடு நின்று பேசுகிறார்கள்.

பெறுநர்

இந்தப் பொங்கலுக்கு உறையூர் போயிருந்தேன். கரன்ட் பில் அட்டையைத் தேடி பீரோவைத் திறந்தபோது ஒரு நீளக் கவர் கண்ணில் பட்டது. அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. அனுப்புநர் இடத்தில் அவர் பெயரும் விலாசமும் இருந்தன. பெறுநர் இடம் காலி. ஒட்டவில்லை. பிரித்துப் படித்தேன்.

'செவலையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு' என்று ஆரம்பித்திருந்தது. காலை 6 மணிக்கு வெளியே விட வேண்டும். சோறு ஆறியிருக்க வேண்டும். வலது பின்னங்காலைத் தொட்டால் பிடிக்காது, பழைய அடி. நோட்டு பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது. டாக்டரம்மாவின் நம்பர் நோட்டின் முதல் பக்கத்தில். அவள் செலவுக்காக அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 20,000 ரூபாய் தனியாக வைத்திருக்கிறேன், அதை வேறு எதற்கும் எடுக்க வேண்டாம். கடைசி வரி இது: 'இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். கூப்பிட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.'

கொஞ்ச நேரம் பீரோ கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அப்பா திண்ணையில் இருந்தார். அவர் காலடியில் செவலை.

டேபிளில் இருந்த பேனாவை எடுத்தேன். பெறுநர் இடத்தில் என் பெயரையும் சென்னை விலாசத்தையும் எழுதி, கவரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தார். பையை என் கையில் கொடுத்துவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"விலாசமெல்லாம் சரியா எழுதியிருக்க. பின்கோடுதான் விட்டுட்ட. நான் போட்டுட்டேன்."